பிரிக்காத பெட்டி

டிசம்பர் 1, புதன்

கோபம் வந்தால் கத்தாதீர்கள், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று பிரஷர் பார்க்கிற டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையைவிட நோட்டு மலிவு. எழுதுகிறேன்.

நான் தங்கப்பழம். அருப்புக்கோட்டையில் ஜோதி வீடியோ என்றால் என் கடைதான். சைக்கிளில் ஊக்கும் ரிப்பனும் விற்று ஆரம்பித்தவன். இன்றைக்குக் கீழே கடை, மாடியில் எடிட்டிங், மூன்று கேமரா. எனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது. பேரம் பேசத் தெரியும். அது போதும் என்று இருபது வருஷமாக நிரூபித்துவிட்டேன்.

இன்றைய கோபம் மண்டிக்கார ராஜாத்தியம்மாள். மகள் கல்யாணம் தை மாதம், ஜனவரி இருபத்து மூன்று. வீடியோ பேச வந்தவர், உட்காருவதற்குள்ளேயே, "அண்ணாச்சி, நீங்க எடுக்குறது ஹெச்.டி.தானே?" என்றார்.

"எதுக்குத் தாயி கேக்குறீக?"

"எங்க நாத்தனா மக கல்யாணத்த சுதாகரு எடுத்தான். பொண்ணு புருவத்துல ஒட்டுன அட்சதைய எண்ணிப்புடலாம், அம்புட்டுத் தெளிவு."

அரிசியை எண்ணுவதற்கா கல்யாணம் எடுக்கிறோம்? எதிர்வரிசையில் கடை போட்டு இன்னும் மூன்று வருஷம்கூட ஆகவில்லை, அந்த சுதாகர் ஊர் ஜனங்களை அரிசி எண்ண வைத்துவிட்டான்.

ஆனால் அந்த அம்மாள் சொன்ன காரணம் வேறு. மாப்பிள்ளையின் அப்பா மஸ்கட்டில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார். ஒரே மகன் கல்யாணத்துக்கு வர முடியாது. பெண்ணும் மாப்பிள்ளையும் பிப்ரவரி நாலாம் தேதி அங்கே போகிறபோது படத்தைக் கையில் கொண்டுபோக வேண்டும். அங்கே சுவர் அகலத்துக்கு டி.வி. இருக்கிறதாம். மனிதர் அதில்தான் மகன் தாலி கட்டுவதைப் பார்க்கப் போகிறார்.

"ஹெச்.டி. இருக்குல்ல அண்ணாச்சி?"

"இருக்கு தாயி."

இல்லை. வாங்க வேண்டும்.

டிசம்பர் 3, வெள்ளி

மாடிக்கு ஏறி ரெஜினாவிடம் சொன்னேன். எட்டு வருஷமாக என் கல்யாணங்களை எல்லாம் வெட்டி ஒட்டுகிறவள் அவள்தான். கேமராக்காரன் ஆறு மணி நேரம் எடுத்து வருவதை, பந்தியில் தலையைச் சொறிகிறவன், சண்டை போடுகிற மாமன் எல்லாரையும் எடுத்துவிட்டு, மூன்று மணி நேரமாக்கிப் பாட்டுப் போட்டுத் தருவாள். நல்ல கை. வாயும் உண்டு.

"கேசட்டுல வர்ற ஹெச்.டி. கேமராவா வாங்குங்க அண்ணாச்சி. கார்டுல பதியிறது வேணாம்."

"ஏம்மா? ஊரே கார்டுங்குது."

"கார்டுக் கேமரா படத்தக் கசக்கிப் பொட்டலமாக் கட்டி வைக்கும். நான் ஒரு எடத்துல வெட்டணும்னா நம்ம கம்ப்யூட்டர் அந்தப் பொட்டலத்த அவுக்கணும். ஒவ்வொரு வெட்டுக்கும் அவுக்கணும். அதுக்கு அந்த வலு இல்ல. கேசட்டுன்னா மெதுவாவாச்சும் இழுத்துரும். இருக்குற வயரே போதும். கார்டுதான் வேணும்னா கம்ப்யூட்டரையும் சேத்து மாத்துங்க."

"கேமரா வாங்குறவன் நானா நீயா?"

"வாங்குறது நீங்க. அதோட குடும்பம் நடத்துறது நான்."

இந்த வாயைத்தான் மேலே சொன்னேன். கீழே வந்தால் கேமராக்காரன் குருவையா வேறு, "அண்ணாச்சி, அதுகிட்டப் பாத்துப் பேசுங்க. சுதாகரு ரெண்டு தடவ வேலைக்குக் கூப்புட்டுட்டான்" என்கிறான். கூப்பிடட்டும். போகமாட்டாள். வருஷா வருஷம் தீபாவளிக்குச் சேலை எடுத்துத் தருகிறேன். கிறிஸ்துமஸுக்கு எடுத்துத் தந்தால் அவள் பிள்ளைகள் முன்னால் கட்டுவாளே என்கிறாள் என் வீட்டுக்காரி பாக்கியம். எப்போது தந்தாலும் சேலை சேலைதானே?

டிசம்பர் 15, புதன்

மதுரை போய் வந்தேன். முந்தாநாள் அஷ்டமி, நேற்று நவமி, நாளை மார்கழி பிறக்கிறது. இன்றைக்கு விட்டால் தை வரைக்கும் புதுப்பொருள் வாங்க முடியாது.

கடையில் கழுத்தில் டை கட்டிய ஒரு பையன். கேசட் ஹெச்.டி. இருக்கிறதா என்று ரெஜினா சொன்னதற்காகத்தான் கேட்டேன்.

"கேசட்டா சார்? அதெல்லாம் கம்பெனியே நிறுத்தப்போறான். அடுத்த வருஷம் கேசட்டத் தேடிப் பழைய இரும்புக்கடைக்குத்தான் போகணும்."

அவன் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிப்பன் விற்றவன் என்று நெற்றியில் எழுதியிருக்கிறதா?

"எடிட்டிங்குக்கு எப்படித் தம்பி?"

"கம்ப்யூட்டர்ல போட்டா வந்துரும் சார். கேசட் மாதிரி ஓடவிட்டு ஏத்த வேண்டாம். காப்பி, பேஸ்ட், முடிஞ்சது."

அதற்குமேல் பேரத்தில் இறங்கிவிட்டேன். ஸ்டாண்டு இலவசம், பை இலவசம், இரண்டு கார்டு இலவசம். கடைசியில் அந்தப் பையன் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு முதலாளியைக் கூட்டி வந்தான். முதலாளியிடம் லென்ஸ் துடைக்கிற துணியும் வாங்கினேன். பேரத்துக்கு நடுவில் ரெஜினா இரண்டு தடவை போன் செய்தாள். பேரம் பேசுகிறவன் போனை எடுத்தால் விலை ஏறும். எடுக்கவில்லை.

பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று பில்லில் எழுதியிருக்கிறது.

வீடு சேரும்போது விளக்கு வைத்தாயிற்று. பெட்டியைக் கடையில் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். தை முதல் தேதி பிரிக்க வேண்டியதுதான்.

டிசம்பர் 16, வியாழன்

காலையில் ரெஜினா வந்ததும் பெட்டியின் மேல் போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். நேராக மாடிக்குப் போனாள். மத்தியானம் இறங்கி வந்தாள்.

"சரி, வாங்கிட்டீக. அரை மணி நேரம் எதையாச்சும் எடுத்துக் குடுங்க அண்ணாச்சி. தெருவ எடுங்க, போற மாட்ட எடுங்க. ஓடுதா இல்லையான்னு பாத்துருவோம்."

"மார்கழியில புதுப்பெட்டியப் பிரிக்கச் சொல்றியா?"

"வாங்குனது கார்த்திகையிலதானே?"

"மொதப் படம் மங்களமா இருக்கணும்மா. தொழில் சாமான்."

"எனக்கு மார்கழி கெடையாது அண்ணாச்சி. எங்கிட்டக் குடுங்க, நான் பிரிச்சுக்கிறேன். பாவம் எனக்கு, கேமரா ஒங்களுக்கு."

குருவையா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். என் கடையில், என் சாமி படத்துக்கு முன்னால்! இருவரையும் வேலையைப் பார்க்கச் சொன்னேன். கல்யாணமில்லாத மாதம், வேலை ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

டிசம்பர் 22, புதன்

கடைக்காரன் கொடுத்த ஏழு நாள் இன்றோடு முடிகிறது. மாடிக் காலண்டரில் இன்றைய தேதியைச் சுற்றி ரெஜினா சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறாள். யாரைக் கேட்டுப் போட்டாள்?

டிசம்பர் 25, சனி

ரெஜினா மகளிடம் கேக் கொடுத்துவிட்டிருந்தாள். அந்தச் சின்னப் பெண் சொல்கிறது, சுதாகர் மாமா வீட்டுக்கு வந்து ஸ்டார் விளக்குக் கொடுத்தாராம். மாமாவாம்! ஊரில் எந்தக் கடைக்காரன் அடுத்தவன் வேலையாள் வீட்டுக்கு விளக்குத் தூக்கிக்கொண்டு போகிறான்? வெட்கம் வேண்டாமா? கேக் நன்றாக இருந்தது.

ஜனவரி 4, செவ்வாய்

ரெஜினா பிரௌசிங் சென்டருக்குப் போய், நான் வாங்கிய அதே மாடல் கேமராவில் யாரோ எடுத்த படம் ஒன்றை பென் டிரைவில் பிடித்து வந்தாள். மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு கொக்கு பறக்கிறது. இரண்டு தடவை சிறகடித்ததும் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. பிறகு ஒரேயடியாகக் கரையில் இருக்கிறது.

"இதுதான் நான் சொன்னது."

"பிரௌசிங் சென்டர்காரன் கோளாறா ஏத்தியிருப்பான்."

"அண்ணாச்சி, கையெடுத்துக் கும்புடுறேன். புதுக் கம்ப்யூட்டருக்காச்சும் சொல்லி வைங்க. மதுரையில சொன்னா வந்து மாட்ட பத்து நாளாகும். பெரிய வீட்டுக் கல்யாணம்."

கேமரா வாங்கினால் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் வாங்கினால் ஏ.சி., ஏ.சி. வாங்கினால் என்ன, புதுக் கட்டடமா? ஒருவனைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவள் படியின் மேலே நின்றுகொண்டு, "கொக்கு எங்கயும் போகாது, கல்யாணம் போயிரும்" என்றாள். யாரிடம் பேசுகிறோம் என்று ஒரு அளவு இல்லை.

ஜனவரி 15, சனி. பொங்கல்

பிரித்தாயிற்று! குங்குமம் வைத்து, நல்ல நேரத்தில், முதல் படமாகப் பாக்கியம் பொங்கல் வைப்பதைக் குருவையா எடுத்தான். வயரை நேராக டி.வி.யில் மாட்டிப் பார்த்தோம். பால் பொங்கி வழியும்போது ஒவ்வொரு குமிழியும் தனித்தனியாகத் தெரிகிறது. பாக்கியத்தின் மூக்குத்திக் கல் மின்னுகிறது. அட்சதை எண்ணுகிறவர்கள் வரட்டும். ஒரு மாதமாக என்னைப் பயமுறுத்தினாளே, எங்கே அவள்? லீவில் இருக்கிறாள்.

ஜனவரி 18, செவ்வாய்

பொங்கல் படத்தை ரெஜினா கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பால் பாதியில் நின்றது. சத்தம் மட்டும் "பொங்கலோ பொங்கல்" என்று ஓடிக்கொண்டிருந்தது. பால் அப்படியே.

நம் கம்ப்யூட்டருக்கு ஏற்ற மாதிரி படத்தை மாற்றிக்கொள்ள ஒரு வழி இருக்கிறதாம். ஒரு மணி நேரப் படத்தை மாற்றப் பதினொரு மணி நேரம். மாற்றியபின் பார்த்தால் பழைய கேசட் படம் மாதிரியேதான் இருக்கும். அதற்கு நான் பழைய கேமராவிலேயே எடுத்திருக்கலாமே!

மதுரைக்குப் போன் போட்டேன்.

"ஏன் தம்பி, போட்டா வந்துரும்னியே?"

"வரும் சார். ஒங்க கம்ப்யூட்டர் என்னன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"நீ கேட்டியா?"

"நீங்க லென்ஸ் தொடைக்கிற துணிதானே சார் கேட்டீங்க."

போனை வைத்துவிட்டேன். மாற்றித் தரவும் முடியாதாம், நாள் தாண்டிவிட்டதாம். நாணயம் கெட்ட உலகம். ரெஜினாவைப் பார்த்து, "முன்னாடியே அழுத்திச் சொல்லியிருக்கணும்ல?" என்றேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். வாய் இருக்கிறவள் பேசாமல் இருந்தால் அது இன்னும் எரிச்சல்.

கேசட் கேமராவிலேயே எடுத்து ஹெச்.டி. என்று கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மஸ்கட்டில் சுவர் அகல டி.வி. அந்த மனிதர் கண்டுபிடித்துவிடுவார்.

ஜனவரி 24, திங்கள்

நேற்றுக் கல்யாணம். குருவையாவைக் குறை சொல்ல முடியாது, தாலி கட்டும்போது அருமையான இடத்தில் நின்றான். ஆறேகால் மணி நேரப் படம். ராஜாத்தியம்மாள் மண்டபத்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி நேத்துப் போன்ல அழுதுட்டாரு அண்ணாச்சி. மூணாந்தேதி குடுத்துருவீகல்ல?" என்றார்.

"குடுத்துருவோம் தாயி."

இன்று புதுக் கம்ப்யூட்டர் கேட்டு மதுரைக்குச் சொன்னேன். பத்து நாளாகும் என்கிறான். பத்து நாள்! பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறவனுக்கே பத்து நாள்! இதே பதிலை அவள் எனக்கு மூன்று வாரத்துக்கு முன்பே சொன்னாள் என்று குருவையா ஞாபகப்படுத்துகிறான். அவனை யார் கேட்டது?

"என்ன செய்யப்போற?" என்று ரெஜினாவைக் கேட்டேன். "பாக்குறேன் அண்ணாச்சி" என்றாள்.

ஜனவரி 28, வெள்ளி

நாலு நாளாக ரெஜினா மத்தியானத்தோடு கிளம்பிவிடுகிறாள். நாள் நெருங்குகிறது, பெரிய வீட்டுப் படம் கிடக்கிறது, இவளுக்கு மத்தியானத்தில் வீட்டில் என்ன வேலை? கேட்டால், "வேலை நடக்குது அண்ணாச்சி." எங்கே நடக்கிறது? மாடியில் கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறது. கல்யாணப் படம் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கும் மேஜையில் இல்லை. சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போகிறாள். என் மானத்துக்குப் பயந்துதான் கேட்காமல் இருக்கிறேன். கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டால் ராஜாத்தியம்மாளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பிப்ரவரி 2, புதன்

முடித்துவிட்டாள். ஒரு நாள் முன்னாலேயே.

கடை டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். கெட்டி மேளம் கொட்டுகிறது. மாப்பிள்ளை விரலில் தாலிக் கயிற்றின் மஞ்சள் ஒட்டியிருக்கிறது, அது தெரிகிறது. பெண்ணின் கண்ணோரத்தில் மை கரைந்து ஒரு கோடு இறங்குகிறது. அதுவும் தெரிகிறது. அந்த இடத்தில் ரெஜினா பாட்டுப் போடவில்லை. மேளத்தை அப்படியே விட்டு, கூட்டத்தில் காலியாக இருந்த ஒரு நாற்காலியை இரண்டு விநாடி காட்டியிருக்கிறாள். முதல் வரிசையில் சம்பந்திக்குப் போட்டு வைத்த நாற்காலி. அதன் மேல் அவருடைய பட்டுத் துண்டு. ஆறேகால் மணி நேரத்தில் அதை எங்கிருந்து தேடி எடுத்தாள் என்று தெரியவில்லை. குருவையாவுக்கே தான் அதை எடுத்தது ஞாபகம் இல்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா? நம்ம கம்ப்யூட்டரே செஞ்சுருச்சு. நீதான் வீணாப் பயந்த."

"இது இங்க செஞ்சதில்ல அண்ணாச்சி."

"பின்ன?"

"சுதாகரு கடையில."

அவன் கம்ப்யூட்டர் இந்தப் பொட்டலத்தை அவிழ்க்கிற கம்ப்யூட்டராம். ஒரு வாரம் உட்காரக் கேட்டாளாம். அவன் பதிலுக்கு ஒன்று கேட்டானாம். வருகிற திங்கட்கிழமையிலிருந்து அவனிடம் வேலைக்குப் போகிறாள்.

கத்தினேன். டாக்டர் சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. சோறு போட்ட கடை, எட்டு வருஷம், துரோகம், எல்லாம் சொன்னேன். தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். அவள் ஹார்ட் டிஸ்க்கை ஒரு துணிப்பையில் வைத்து, ராஜாத்தியம்மாள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, என் மேஜையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய் மற்ற கல்யாணங்களின் வேலையைப் பார்த்தாள்.

பிப்ரவரி 3, வியாழன்

படத்தை ராஜாத்தியம்மாள் வீட்டில் கொடுத்தேன். அப்படியே சுதாகர் கடைக்குப் போனேன். இருபத்தெட்டு வயது இருக்கும். எழுந்து நின்று நாற்காலி போட்டான். உட்காரவில்லை.

"ஏண்டா, அடுத்தவன் கடை ஆளத் தூக்குறதுதான் ஒனக்குத் தொழிலா?"

"ரெண்டு வருசமாக் கூப்புடுறேன் அண்ணாச்சி, வரல. இந்தத் தடவ அக்காதான் வந்தாங்க. வேலை கேட்டு வரல, கம்ப்யூட்டர் கேட்டு வந்தாங்க. ஒங்க கல்யாணத்துக்கு."

"அதுக்கு?"

"சீசன்ல ஒரு வாரம் என் மிஷின நிறுத்தி அடுத்த கடை வேலைக்குக் குடுக்குறேன். நானும் யாவாரி. என் எடத்துல நீங்க இருந்தா என்ன கேட்டுருப்பீக?"

நானாக இருந்தால் இரண்டு வருஷத்துக்குப் பத்திரத்தில் எழுதி வாங்கியிருப்பேன். அதை அவனிடம் சொல்லவில்லை. திமிர் பிடித்தவன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 5, சனி

புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ரெஜினா முன்பு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்த அதே வகை, ஒன்றுகூடக் குறைக்கவில்லை. மாட்டி முடித்ததும் அவளைக் கூப்பிட்டேன். இதுவரை யாரிடமும் பேசாத மாதிரி பேசினேன். சம்பளத்தைச் சொன்னேன். போர்டில் பெயர் போடுகிறேன் என்றேன். கேசட்டோ கார்டோ, இனி நீ சொல்கிற கேமராதான் என்றேன்.

அவள் புது மிஷினைத் தொட்டுப் பார்த்தாள். பொங்கல் படத்தைப் போட்டாள். பால் நிற்காமல் பொங்கி வழிந்தது.

"எத்தன தடவ ஒங்ககிட்டக் கேட்டேன் அண்ணாச்சி?"

"நாலு தடவ இருக்கும்."

"கேமராவுக்காகக் கேட்டேன்னா நெனச்சீக?"

நான் புது மிஷினின் பில்லை மடித்துப் பையில் வைத்தேன்.

"சுதாகருக்கு வாக்குக் குடுத்துட்டேன். வாக்கு மாறுனவங்கள நீங்க கீழ நின்னு வையுறத எட்டு வருசமா மாடிப்படி வழியாக் கேட்டுருக்கேன். அந்த வசவு எனக்கு வேணாம்."

இதற்கு எந்த வியாபாரி பேரம் பேச முடியும்? அந்த வசவுகளை எல்லாம் நான்தானே வைதேன். அப்போதும் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று எழுதத் தெரியவில்லை.

பிப்ரவரி 8, செவ்வாய்

நேற்றிலிருந்து அவள் வரவில்லை. எடிட்டிங்குக்கு ஆள் வேண்டும் என்று நாலு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வருஷம் எடுத்த ஒரு காதுகுத்துப் படம் இன்னொரு காப்பி வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றார். எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று குருவையாவுக்குத் தெரியவில்லை. நானே மாடிக்கு ஏறி, அவள் இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு டிஸ்க்காக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டி, பெயர், ஊர், தேதி எழுதித்தான் வைத்திருக்கிறாள். நிறைய இருந்ததால் நேரமாயிற்று. அரை மணிகூட ஆகியிருக்காது, இடுப்பு விட்டுப்போயிற்று. சாயலாம் என்று பின்னால் போனேன், விழப் பார்த்தேன். சாய்மானமே இல்லாத மர ஸ்டூல். ஒரு கால் கட்டை வேறு, அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் மனிதர் உட்காருகிற இடம்! படிக்கட்டில் தலையை நீட்டிக் கத்தினேன்.

"ஏய் குருவையா! எந்த மடப்பயடா இந்த ஸ்டூலக் கொண்டாந்து இங்க போட்டது?"

குருவையா படிக்கட்டின் அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தான்.

"நீங்கதான் அண்ணாச்சி," என்றான். "அது வேலைக்குச் சேந்த அன்னிக்கு."